ரீகால் ஆன மின்சார எஸ்யூவியை செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா?

9 ஆகஸ்ட் 2025, வந்த கேள்வி

"பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. ஊருக்குள் ஓட்ட செகண்ட் ஹாண்டில் ஒரு மின்சார எஸ்யூவி தேடுகிறேன், நாலைந்து வருடம் ஓடியதாக இருந்தாலும் பரவாயில்லை. மைத்துனர் ஒரே பிடியாக, 'ரீகால் வந்த மாடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே' என்கிறார். அவர் போட்ட பட்டியலைப் பார்த்தால் வாங்க ஒன்றும் மிச்சமில்லை. என்ன செய்வது?"

9 ஆகஸ்ட், இரவு

மைத்துனர் பேச்சைக் கேட்டால் சைக்கிள்தான் வாங்க வேண்டும். அதிலும் பிரேக் கட்டை தேயும்.

நான் ஓட்டுவதும் செகண்ட் ஹாண்ட் மின்சார எஸ்யூவிதான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அந்த சர்வீஸ் சென்டருக்கு நான் இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது.

கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். ஒரு மாடலுக்கு அது வந்துவிட்டால் என்ன கோளாறு, எந்தத் தேதிக்குள் தயாரான வண்டிகள், கம்பெனி என்ன செய்து தரப்போகிறது என்ற மூன்றும் வெளியே வந்துவிடுகின்றன. ரீகால் வராத மாடலில் கோளாறே இல்லை என்று ஆகாது. கோளாறு இருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். அதனால் ரீகால் வந்ததா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த ரீகால் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் அங்கிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம்.

10 ஆகஸ்ட்

உதாரணம் கேட்கிறார்கள். நம்ம ஊர் வண்டியிலிருந்தே தொடங்கலாம். ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக், 2019 ஜூலையில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் பூட்டியது. 39.2 யூனிட் பேட்டரி, சோதனைக் கணக்கில் 452 கிலோமீட்டர். 2020 டிசம்பரில் இந்தியாவில் 456 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 2020 அக்டோபர் கடைசிவரை தயாரானவை. உயர் மின்னழுத்த பேட்டரியில் மின் கோளாறு இருக்கலாம், கொண்டுவாருங்கள், சோதிக்கிறோம் என்றார்கள்.

456தானா என்று சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் விற்றதே கொஞ்சம்தான்.

10 ஆகஸ்ட், மதியம்

இதற்கு ஒருவர், "456 வண்டி என்றால் ஒன்றிரண்டில் கோளாறு, மற்றதெல்லாம் பத்திரம்தானே" என்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. கொரியாவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே 2020 அக்டோபரில் கோனாவுக்கு முதல் ரீகால். பேட்டரியை மேற்பார்க்கும் பிஎம்எஸ் மென்பொருளைப் புதுப்பித்தார்கள், சோதனையில் சந்தேகம் வந்த வண்டிக்கு மட்டும் பேட்டரி மாற்றினார்கள். 2021 ஜனவரியில் டேகு நகரத்தில் ஒரு கோனா சார்ஜ் ஏறும்போது எரிந்தது. அது அந்தப் புதுப்பித்தலை ஏற்கெனவே செய்துகொண்ட வண்டி. அடுத்த மாதமே உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரியை மாற்றுவதாக ஹூண்டாய் அறிவித்தது. செலவு சுமார் ஒரு லட்சம் கோடி வோன். பல செல்கள் சேர்ந்ததுதான் பேட்டரி. அதைச் செய்து கொடுத்த எல்ஜி கம்பெனியின் சீன நான்ஜிங் ஆலையில் தயாரான சில செல்களுக்குள் எதிர்மின் முனையின் தகடு மடிந்திருந்தது என்று கொரிய அரசு சொன்னது. நெருப்புக்கு அதுதான் காரணமா, செலவை யார் ஏற்பது என்று இரண்டு கம்பெனிக்கும் இடையில் இழுபறி நடந்தது தனிக் கதை.

இப்போது செவ்ரோலே போல்ட். இந்தியாவில் விற்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2020 நவம்பரில் சுமார் 68,000 வண்டிகளுக்கு ரீகால், முதல் மருந்து மென்பொருள். 2021 ஜூலையில், மருந்து சாப்பிட்ட வண்டியே மறுபடி எரிந்தது. ஆகஸ்டில் போல்ட் என்ற பெயரில் வந்த அத்தனை வண்டிக்கும் ரீகால், ஏறக்குறைய 1.42 லட்சம். வெளியில் நிறுத்துங்கள், 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். எல்ஜி 190 கோடி டாலர் வரை ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஜாகுவார் ஐ-பேஸும் இதே வழியில்தான் போனது. 2023இல் மென்பொருள் மருந்து. பிறகும் எரிந்தது. 2024இல் அமெரிக்காவில் 2019 மாடல் 2,760 வண்டிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முடிவு செய்தார்கள்.

மூன்று கம்பெனி, ஒரே வரிசை. முதல் சுற்றில் கம்ப்யூட்டரை மாட்டி அப்டேட், இரண்டாவது சுற்றில் பேட்டரி பேக்கே மாற்றம் அல்லது வண்டியே வாபஸ். அதனால் சர்வீஸ் சென்டர் செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் "ரீகால் முடிந்தது" என்று மட்டும் இருந்தால் எனக்குத் திருப்தி இல்லை. பேக் மாறியதா, அப்டேட் மட்டும் நடந்ததா? பேக் மாறியிருந்தால் புது பேக்கின் சீரியல் நம்பர் ஜாப் கார்டில் இருக்கும். அப்படி ஒரு வண்டி கிடைத்தால், ஆறு வருடப் பழைய உடம்பில் நாலு வருடப் பேட்டரி. மைத்துனர் ஓடச் சொன்ன வண்டிதான் அது, நான் ஓடிப்போய் வாங்கச் சொல்வேன்.

11 ஆகஸ்ட்

"ஐ-பேஸை இந்தியாவிலும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம்" என்று கீழே எழுதியவருக்கு: நான் சொன்னது அமெரிக்காவில், 2019 மாடலுக்கு. இங்கே அந்த வண்டி வந்ததே 2021 மார்ச்சில்.

13 ஆகஸ்ட்

பேட்டரி பற்றியே பேசிப் பயமுறுத்துகிறேன் என்று புகார். நியாயம்தான். பழைய மின்சார வண்டி நடுத்தெருவில் நின்றால் பெரும்பாலும் பெரிய பேட்டரி காரணமாக இருக்காது. நம் பெட்ரோல் காரில் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரிதான் காலை வாரும்.

தரையடியில் 40 யூனிட் நிறைய இருந்தாலும் கதவைத் திறக்க, திரையை எழுப்ப, பெரிய பேட்டரியின் இணைப்பை மூடும் கான்டாக்டரை இழுக்க அந்தச் சின்ன பேட்டரி வேண்டும். அது செத்தால் வண்டியும் பிணம். சென்னை வெயிலில் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுசு எவ்வளவு என்று ஆட்டோக்காரரைக் கேட்டாலே சொல்வார்.

எனக்கு நடந்தது தி.நகரில், ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில். ஆடி மாதத்துக் கூட்டம், கையில் நாலு பை, வண்டி ஒன்றுக்கும் அசையவில்லை. வாட்ச்மேன் வந்து அக்கறையாக, "பெட்ரோல் தீந்துடுச்சா சார்?" என்றார். மின்சார வண்டி என்றேன். "அப்போ கரண்டு தீந்துடுச்சா?" அதுவும் இல்லை, 70 சதவீதம் இருக்கிறது என்றேன். என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. பக்கத்தில் நின்ற டாக்ஸி தம்பி ஜம்பர் கேபிள் கொடுத்துக் கிளப்பிவிட்டார். ஒரு பழைய டீசல் டாக்ஸி தயவில் என் மின்சார எஸ்யூவி வீடு வந்து சேர்ந்தது. வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

செகண்ட் ஹாண்டில் எடுத்தால் 12 வோல்ட் பேட்டரியின் மேல் அச்சடித்த தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் தாண்டியிருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள்.

13 ஆகஸ்ட், இரவு

அடிக்கடி 12 வோல்ட் செத்தால் பேட்டரியை மட்டும் பழிக்காதீர்கள். அதை யார் சார்ஜ் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மின்சார வண்டியில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் ஒரு பெட்டி இருக்கும். ஹூண்டாய், கியாவின் 800 வோல்ட் வண்டிகளில் அதற்கு ஐசிசியு என்று பெயர். வீட்டுச் சார்ஜரும் அதற்குள்தான்.

அதற்கும் ரீகால் உண்டு. இந்தியாவில் 2024 ஜூனில் ஐயோனிக் 5 வண்டிகள் 1,744. ஜூலையில் கியா இவி6 வண்டிகள் 1,138. ஐசிசியுவில் கோளாறு வந்தால் 12 வோல்ட் இறங்கிக்கொண்டே போகும். திரையில் எச்சரிக்கை வரும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் நிற்கும். சிலர் "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இதிலும் இரண்டாவது சுற்று வந்தது பாருங்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ஒரு ரீகால், நவம்பரில் அதையும் சேர்த்து இன்னும் பெரிதாக ஒன்று. இங்கே 2025 பிப்ரவரியில் இவி6 வண்டிகள் 1,380க்கு மறுபடி அழைப்பு. ஆகவே இவி6 விற்பவர் "ரீகால் எல்லாம் முடிச்சாச்சு சார்" என்றால், எந்த ரீகால், எந்தத் தேதி?

இது நெருப்பு சமாச்சாரம் இல்லை. ஆனால் மதுரவாயல் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே வேகம் குறைந்தால் உங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

16 ஆகஸ்ட்

"பெரிய ஆன்லைன் கடையில் சர்டிஃபிகேட் கொடுக்கிறார்களே, அது போதாதா?"

என் வண்டிக்கும் கொடுத்தார்கள். நிறைய பக்கம், நிறைய பச்சை டிக். பெயின்ட் தடிமன், கண்ணாடி, இருக்கைத் துணி எல்லாம் அளந்திருந்தார்கள். நாலாவது பக்கத்தில் "என்ஜின் ஆயில் அளவு: நன்று". அந்தச் சர்டிஃபிகேட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பேட்டரி பற்றி இருந்தது ஒரே வரி, "சார்ஜ் ஏறுகிறது".

16 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

சரி, அப்போ எதைப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

சேஸ் நம்பரை வாங்கிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்கள். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று அவர்கள் கம்ப்யூட்டரில் தெரியும். கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் தன் தளத்திலும் ரீகால் தேடலை வைத்திருக்கிறது. ஆனால் பேக் மாறியதா என்பது சர்வீஸ் சென்டரில்தான் கிடைக்கும். விற்பவரையும் கூட்டிக்கொண்டு போனால் காகிதம் கையில் கொடுப்பார்கள். தனியாகப் போனால் "ஓனர் வரட்டும் சார்" என்பார்கள்.

அப்புறம், ஓபிடி டாங்கிள், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்னக் கருவி. ஆயிரம் இரண்டாயிரத்தில் கிடைக்கும், ஸ்டீயரிங்கின் கீழே செருகி ஃபோனில் பார்க்கலாம். ஹூண்டாய், கியா வண்டிகளில் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதமும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் தெரியும். எனக்கு அந்த சதவீதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, அது பிஎம்எஸ் போடும் கணக்கு. செல்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நம்புவேன். நிறைய சார்ஜ் இருக்கும்போது ஒரு முறை, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின் ஒரு முறை. மற்றவை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்போது ஒரு செல் மட்டும் கீழே தொங்கினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

20 சதவீதம் வரை இறக்க விற்பவர் ஒப்புக்கொள்வாரா என்றால், நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒப்புக்கொள்வார்.

19 ஆகஸ்ட்

ஒருவர் டாடா நெக்ஸான் இவி பற்றிக் கேட்டிருக்கிறார். சந்தையில் அதிகம் கிடைப்பது அதுதான். 2020 ஜனவரியில் வந்தது, 30.2 யூனிட், கம்பெனிக் கணக்கு 312 கிலோமீட்டர். ரேஞ்ச் வரவில்லை என்று ஒருவர் கொடுத்த புகாரில் டெல்லி அரசு 2021 மார்ச்சில் அந்த வண்டிக்கான மானியத்தையே நிறுத்தி வைத்தது, கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 2022 ஜூனில் மும்பைக்குப் பக்கத்து வசாயில் ஒரு வண்டி எரிந்து, மத்திய அரசு விசாரணை வைத்தது.

அதன் பேட்டரி எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பிஒய்டி அட்டோ 3யிலும் அதே வகை. வெப்பத்தைத் தாங்கும், சுலபத்தில் பற்றாது. ஆனால் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. சார்ஜ் இறங்க இறங்க மின்னழுத்தம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், கடைசியில் திடீரென்று விழும். அதனால் எவ்வளவு மிச்சம் என்பதை பிஎம்எஸ் ஊகித்துத்தான் சொல்கிறது. அவ்வப்போது நூறு வரை மெதுவாக ஏற்றாவிட்டால் ஊகம் தப்பும். என் வண்டியும் எல்எஃப்பிதான். முந்தைய ஓனர் ஃபாஸ்ட் சார்ஜரில் 80 வரை ஏற்றியே பழக்கியிருக்கிறார். செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது மறைமலை நகர் தாண்டி 18 சதவீதம் காட்டியது, வண்டலூர் வருவதற்குள் 4. ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, வியர்த்துக்கொண்டே வந்தோம். பேட்டரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் ராத்திரி முழுக்க நூறு வரை ஏற்றி, அதையே சில வாரம் செய்ததும் கணக்கு நேரானது.

சர்வீஸ் சென்டரில் இதே புகாருக்கு முதலில் சொன்ன பதில்: "ஓட்டுற விதம் சார்."

20 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ரேஞ்ச் விழுந்தால் எல்லாம் ஊகக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவாக நூறு ஏற்றியபிறகும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் அது செல். வாரன்டி இருக்கும்போதே எழுத்தில் புகார் கொடுத்து, ஜாப் கார்டு வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு வாரன்டி கிடையாது.

27 ஆகஸ்ட்

வாரன்டி. முதல் தலைமுறை வண்டிகளில் பெரிய பேட்டரிக்கு வழக்கமாக 8 வருடம், 1.5 அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அது. 2020 ஜனவரி வண்டிக்கு 2028 ஜனவரியோடு சரி. ஓலா, ஊபர் ஓடிய வண்டி என்றால் கிலோமீட்டர் முந்திவிடும், மஞ்சள் பலகையை வெள்ளையாக மாற்றி விற்கிறார்களா என்று ஆர்சி வரலாற்றில் பாருங்கள்.

புது வண்டிகளில் "ஆயுள்கால வாரன்டி" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆயுள் யாருடையது என்பது சின்ன எழுத்தில் இருக்கும். மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் 2024 நவம்பரில் நம் சென்னையில்தான் அறிமுகமாயின. முதல் ஓனருக்கு ஆயுள்கால வாரன்டி, கை மாறினால் 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். குறை சொல்லவில்லை, அதுவே தாராளம். ஆனால் ஆயுள்காலம் என்று நினைத்து விலை கொடுத்துவிடாதீர்கள்.

28 ஆகஸ்ட்

"சட்டம் என்ன சொல்கிறது?" மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலில் உள்ளன. குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் அரசே ரீகால் செய்யச் சொல்லலாம், 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம் போடலாம். ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். 2019இல் வந்த முதல் கோனாக்கள் 2026இல் அந்தக் கோட்டைத் தாண்டும். ஆறரை வருட வண்டியை வாங்குகிறவர் இதையும் கணக்கில் வைக்கலாம்.

புகார் சேர வேண்டும் என்றால் யாராவது கொடுக்க வேண்டும். நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கொட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

7 செப்டம்பர்

22ஆம் தேதியிலிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிறது. மின்சார வண்டிக்கு அதே 5. புது பெட்ரோல் கார் விலை இறங்கினால் பழைய மின்சார வண்டி விற்பவரும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். பெரம்பூர் நண்பர் அவசரப்பட வேண்டாம். கடை வழியாக வாங்கினால் கடைக்காரரின் லாபத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, இது 2024 டிசம்பர் கவுன்சிலில் எடுத்த முடிவு. ஓனரிடம் நேராக வாங்கினால் இல்லை.

8 செப்டம்பர்

"மின்சார எஸ்யூவியில் பேட்டரியைத் தவிர என்ன ரீகால் வரும்?"

சக்கரம் கழன்று விழும். நிஜமாக. டொயோட்டாவின் மின்சார எஸ்யூவி பிஇசட்4எக்ஸ், 2022 ஜூனில் சுமார் 2,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சக்கரத்தின் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம் என்று. இந்தியாவுக்கு வராத வண்டி.

14 செப்டம்பர்

சக்கரம் என்றதும் ஞாபகம் வந்தது. இந்த வண்டிகள் கனம். அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட இருநூறு, முந்நூறு கிலோ கூடும். டயர் சீக்கிரம் தேயும், சஸ்பென்ஷன் புஷ் சீக்கிரம் போகும். மெட்ரோ இரண்டாம் கட்டம் தோண்டுகிற வழியில் தினம் ஓடிய வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். ஓஎம்ஆர், பூந்தமல்லி சாலை, மாதவரம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அடிப்பக்கம். பேட்டரி பேக் வண்டியின் வயிற்றில் இருக்கிறது. பஞ்சாயத்து போர்டு போட்ட வேகத்தடை சில இடத்தில் சின்ன மதில் உயரம். அதில் உரசி உரசி பேக்கின் அடித்தகடு நசுங்கியிருக்கலாம். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கீறல் பரவாயில்லை. உள்வாங்கிய பள்ளம், விரிசல் விட்ட ஓரம், புதிதாகத் தடவிய சீலன்ட் மூன்றில் எது இருந்தாலும் கம்பெனியிலேயே சோதிக்க வேண்டும். அடிப்பக்கம் அடிபட்ட பேக்குக்கு வாரன்டி தர மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு அது ஒரு வசதியான காரணம்.

புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் பம்பரும் கண்ணாடியும் கிடைக்கும். பேட்டரி பேக்கின் அடித்தகடு கேட்டால் உங்களையே கழற்றிப் பார்ப்பார்கள்.

18 அக்டோபர்

மழை ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். போன வருடம் இதே அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதை எல்லாரும் பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் கற்றுக்கொடுத்த பாடம் அது. கிண்டல் செய்தார்கள். எனக்கு அது முழு அறிவாகத்தான் பட்டது.

விற்பவர்கள் சொல்லும் வசனம், "பேக் ஐபி67 சார், தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது." ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில். முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் நின்றது அரை மணி நேரமா? நல்ல தண்ணீரா? பேக் தாங்கினாலும் உயர் மின்னழுத்த ஆரஞ்சு கேபிள்களின் கனெக்டர், மோட்டார், ஏசி கம்ப்ரசர் இணைப்பு எல்லாம் இருக்கின்றன. உள்ளே போன ஈரம் உடனே காட்டாது. மாதங்கள் கழித்துப் பச்சை பூத்து, மின்கசிவு எச்சரிக்கை வந்து, வண்டி கிளம்ப மறுக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கழுவாத சேற்றுக்கோடு அங்கேதான் தங்கும். இருக்கையின் அடி போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே மணல், டிக்கியின் அடியில் கறை. 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் இன்சூரன்ஸ் கிளெய்ம் உண்டா என்று கேளுங்கள். அப்போது சென்னையில் இருந்துவிட்டு, வேறு மாவட்ட ஓனர் பெயரில் திரும்பி வரும் வண்டி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

டிஎன் 22, டிஎன் 14 என்று தென்சென்னைப் பக்கத்து நம்பரை மட்டும் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம். அந்தப் பகுதியிலும் மேட்டில் வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. மடிப்பாக்கத்தில் நான் உட்பட.

19 அக்டோபர்

மடிப்பாக்கத்தில் மேடு எங்கே என்று கேட்டவருக்கு: சொன்னால் நீங்களும் வந்து வண்டியை நிறுத்துவீர்கள்.

2 நவம்பர்

அபார்ட்மென்ட் பிரச்சினை. அண்ணா நகரிலிருந்து ஒருவர், செகண்ட் ஹாண்ட் மின்சார வண்டியைக் கீழ்த்தளத்தில் நிறுத்தக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டதாக எழுதுகிறார். புது வண்டிக்குத் தடை இல்லையாம்.

பயத்துக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. 2024 ஆகஸ்ட் முதல் தேதி கொரியாவின் இஞ்சியான் நகரத்தில், ஒரு அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில் நின்றிருந்த மெர்சிடிஸ் மின்சார கார் எரிந்து, பக்கத்தில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சேதமாயின. அது சார்ஜ்கூட ஏறிக்கொண்டிருக்கவில்லை. நெருப்பணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரின் வால்வை யாரோ அடைத்துவிட்டதும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் எந்த வண்டியில் யார் செய்த செல் என்று கம்பெனிகள் அங்கே வெளியே சொல்ல ஆரம்பித்தன.

ஆனால் பழையது, புதியது என்ற பிரிவில் அர்த்தமில்லை. எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ரீகால் பாக்கியுள்ள வண்டி கீழ்த்தளத்தில் நிற்கக் கூடாது, வெள்ளத்தில் நின்ற வண்டி சோதனை முடியும்வரை வெளியில், சார்ஜ் செய்வது எர்த்திங் சரியாக உள்ள தனி லைனில் மட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாடியிலிருந்து தொங்கவிட்டு சார்ஜ் போடும் புது வண்டிக்காரர்தான் எனக்கு அதிகப் பயம். எங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருக்கிறார். செக்ரட்டரி வேறு.

3 நவம்பர்

ஸ்பிரிங்ளர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரு தீயணைப்புத் துறைக்காரர் கீழே எழுதியிருக்கிறார். இத்தனை பக்கத்தில் உருப்படியான யோசனை அது.

15 நவம்பர்

பெரம்பூர் நண்பர் அயனாவரத்தில் ஒரு வண்டி பார்த்துவிட்டு ஜாப் கார்டுகளின் படம் அனுப்பினார். மைத்துனரும் கூடப் போயிருக்கிறார்.

ரீகால் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. முதலாவது அப்டேட், இரண்டாவதில் பேக் அசெம்பிளி மாற்றம், சீரியல் நம்பர் இருக்கிறது. டாங்கிளில் செல்கள் ஒரே வரிசை. சீட் பெல்ட் சுத்தம். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்ததில் இடதுபக்கம் கீறல் மட்டும். 12 வோல்ட் பேட்டரி கம்பெனியிலிருந்து வந்ததே, டயர் நாலும் ஓய்ந்துவிட்டன. புது பேக்கின் வாரன்டி மாற்றிய தேதியிலிருந்தா, வண்டி பதிவான தேதியிலிருந்தா என்று விற்பவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் பழைய தேதிதான் தொடரும், சர்வீஸ் சென்டரில் மெயிலில் கேட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரையும் 12 வோல்ட்டையும் விலையில் கழித்துக் கேளுங்கள். வீட்டில் போடும் சார்ஜிங் கேபிள் பையில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், "ஊர்ல இருக்கு, அனுப்பறேன்" என்றால் அதையும் கழியுங்கள். அதற்கு முன்னால் அட்வான்ஸ் வேண்டாம்.